றப்பர் அசுரனும் கணினி அசுரனும்: இரண்டு 'த திங்' படங்களின் கதை

பேய்ப்படம் பற்றிக் கதை தொடங்கினால் போதும், யாராவது ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லியே தீருவார்: "அந்தக் காலத்துப் படங்கள்தான் படம், இப்ப வாறதெல்லாம் வெறும் கிராபிக்ஸ்." சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்துப் படங்களை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட ஏலாது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கு. எவ்வளவு உண்மை, எவ்வளவு பழையதின் மேல் உள்ள பாசம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம்.

இதற்கு ஹொலிவூட் வரலாறு தன்னை அறியாமலேயே ஒரு பரிசோதனையைச் செய்து வைத்திருக்கிறது. ஒரே கதை, ஒரே அசுரன், வெளியிட்டதும் ஒரே யுனிவர்சல் நிறுவனம். 1982இல் வந்த 'த திங்' படத்தில் அந்த அசுரனை றப்பரிலும் கம்பியிலும் செய்தார்கள். 2011இல் அதே பெயரில் வந்த முன்கதைப் படத்திலும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். பிறகு அதன் பெரும்பகுதியைக் கணினியால் மூடினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாங்கள் வழக்கமாகக் கதைக்கிற "கைவேலையா, கிராபிக்ஸா" என்ற சண்டையே வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

வித்தையும் நிழலும்

கைவேலை என்று நாங்கள் இங்கே சொல்வது, படப்பிடிப்பு நேரத்தில் கமராவுக்கு முன்னாலேயே நிஜமாகச் செய்து காட்டுகிற வித்தைகளை. ஒப்பனை, பொம்மை, இயந்திரம், போலி இரத்தம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஆங்கிலத்தில் பிரக்டிகல் எபெக்ட்ஸ் என்பார்கள்.

இது சினிமா பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1896இல் பிரான்சில் ஜோர்ஜ் மெலியஸ் எடுத்த ஒரு குட்டிப் படத்தில் ஒரு வௌவால் பறந்து வந்து பிசாசாக மாறும். செய்தது என்னவென்றால், கமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டினார்கள். அவ்வளவுதான். 1931இல் 'பிராங்கன்ஸ்டைன்' படத்துக்காக ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் போரிஸ் கார்லோவின் முகத்தில் மணிக்கணக்காக வேலை செய்து உருவாக்கிய தட்டைத் தலை, இன்றைக்கும் பிள்ளைகள் வரைகிற பூதத்தின் தலையாக இருக்கிறது.

ஆனால் ஒன்றையும் காட்டாமல் பயமுறுத்துகிற வழியும் கூடவே வளர்ந்தது. 1942இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' சின்ன பட்ஜெட் படம். இரவில் ஒரு பெண் தெருவில் நடக்கிறாள். பின்னால் காலடிச் சத்தம். பிறகு அதுவும் நின்றுபோகிறது. திடீரென்று சீறல் போல ஒரு சத்தம், பார்த்தால் பஸ் ஒன்று பிரேக் போட்டு நிற்கிறது! சிறுத்தையும் இல்லை, பொம்மையும் இல்லை. இந்த உத்திக்கு இன்றும் 'லூட்டன் பஸ்' என்றுதான் பெயர்.

ஆக, "காட்டுவதா, மறைப்பதா" என்ற கேள்விக்குக் கணினியை விட வயசு கூட.

ஒரு குருகுலம்

1973இல் 'த எக்ஸோர்சிஸ்ட்' வந்தது. அதில் ஒப்பனை டிக் ஸ்மித். நாற்பதுகளில் இருந்த மாக்ஸ் வொன் சீடோவை ஒரு வயோதிபப் பாதிரியாராக மாற்றியவர் அவர்தான். பலர் அதை ஒப்பனை என்றே கவனிக்கவில்லை. பேய்பிடித்த சிறுமியின் அறையில் மூச்சு புகையாகத் தெரிய வேண்டுமென்று, அந்த அறை செற்றையே குளிரூட்டி உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனார்கள். நடிகர்கள் நடுங்குவது நடிப்பில்லை. உண்மையிலேயே குளிர்.

அந்தப் படத்தில் டிக் ஸ்மித்துக்கு உதவியாளராக இருந்த இளைஞர்களில் ஒருவர் ரிக் பேக்கர். 1981இல் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில், ஒரு மனிதன் ஓநாயாக மாறுவதை வெளிச்சமான அறையில், நிழலில் ஒளிக்காமல் காட்டியவர். தோலிலிருந்து மயிர் வளர்கிற காட்சிக்கு, போலித் தோலில் மயிரைக் குத்தி, அதைப் பின்புறமாக உள்ளே இழுத்துப் படம்பிடித்து, பிறகு படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினார். ஒப்பனைக்கென்று ஒஸ்கார் நிரந்தரமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான் போனது.

அந்த ரிக் பேக்கருக்குப் பதினாலு வயதில் கடிதம் எழுதி, அவரிடமே தொழில் பழகிய ஒரு பெடியன் இருந்தார். பெயர் ரொப் பொட்டின். 'த திங்' படத்தின் அசுரனைச் செய்யத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு அளவில். எங்கட வயது!

1982: தலைக்குக் கால் முளைத்த இரவு

ஜோன் டபிள்யூ. கம்பெல் 1938இல் எழுதிய ஒரு குறுநாவலை வைத்து ஜோன் கார்பென்டர் இயக்கிய படம் இது. அந்தார்ட்டிக்காவில் ஓர் ஆராய்ச்சி நிலையம், பன்னிரண்டு ஆண்கள். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த ஓர் உயிர், தான் விழுங்கிய ஆளைப் போலவே மாறிவிடும். குரல், முகம், பழக்கவழக்கம் எல்லாம் அச்சொட்டாக இருக்கும். பக்கத்தில் இருப்பவன் இன்னும் அவன்தானா என்று ஒருவருக்கும் தெரியாது. அருகில் இருப்பவரை நம்பலாமா என்கிற பயத்தை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் படத்தின் மிகப் பிரபலமான காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நொரிஸ் என்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். மேசையில் கிடத்தி, வைத்தியர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார். இரண்டாம் தடவை கையை அழுத்தும்போது நொரிஸின் மார்பு வாயாகத் திறந்து, பற்களால் வைத்தியரின் இரண்டு கைகளையும் கடித்துத் துண்டாக்கிவிடுகிறது. இதற்காக நடிகரின் உடலுக்குப் பதிலாக ஒரு செயற்கை மார்பைப் பொருத்தி, ஹைட்ரோலிக் முறையில் திறந்து மூடச் செய்தார்கள். கைகள் துண்டாகிற கணத்துக்கு, உண்மையிலேயே இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மெழுகு எலும்பும் றப்பர் நரம்பும் ஜெலியும் வைத்த போலிக் கைகளைப் பூட்டினார்கள். அடுத்து, நொரிஸின் தலை கழுத்திலிருந்து தானாக இழுபட்டுக் கழன்று, நாக்கால் தரையில் இழுத்து நகர்ந்து, சிலந்திக் கால்கள் முளைத்து நடக்கத் தொடங்குகிறது. கழுத்து உருகி இழுபடுகிற காட்சியை எடுக்கும்போது, பாவித்த இரசாயனங்களின் ஆவியில் நெருப்புப் பற்றி, பிறகு மறுபடி எடுத்தார்கள்.

இவ்வளவும் வித்தை பற்றிய தகவல்தான். கதைக்கு வருவோம். அந்தத் தலை தப்பி ஓடுவதைப் பார்த்துத்தான் நாயகன் மக்ரெடிக்கு ஒரு விஷயம் விளங்குகிறது. இந்த உயிரின் ஒவ்வொரு துண்டும் தனியே ஓர் உயிர். துண்டான தலையே தப்பி ஓடப் பார்க்குது எண்டா, ஒரு துளி இரத்தமும் அப்படித்தானே செய்யும்? இங்கிருந்துதான் அடுத்த காட்சி பிறக்கிறது. எல்லோரையும் கட்டிவைத்து, ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சிறு தட்டில் எடுத்து, சூடாக்கிய கம்பியால் தொட்டுப் பார்க்கிறார் மக்ரெடி. அந்தக் காட்சியின் பெரும்பகுதியில் ஓர் அசுரனும் இல்லை. கம்பி சுடும் சத்தமும் வேர்த்த முகங்களும்தான். ஆனால் படத்தில் எங்கள் மூச்சு நிற்பது அங்கேதான்.

அதாவது பொட்டினின் பொம்மை கதைக்குள் ஒரு தடயமாக வேலை செய்கிறது. அதை வெட்டி எடுத்தால் கதையே அடுத்த படிக்குப் போகாது.

இன்னொன்றையும் கவனியுங்கோ. பொட்டின் தன் பொம்மைகளின் குறை தெரிந்துவிடுமோ என்று பயந்தார். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி சின்னச் சின்ன விளக்குகளால் சில பகுதிகளை மட்டும் காட்டி, மிச்சத்தை இருட்டில் விட்டார். கடைசிக் காட்சிக்காகச் செய்த ஸ்டொப் மோஷன் பகுதியில் வித்தியாசம் தெரிகிறது என்று கார்பென்டர் பெரும்பாலும் வெட்டிவிட்டார். ஆகவே கையால் செய்ததெல்லாம் தானாக நல்லதாகிவிடவில்லை. எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று படம் எடுக்கிறபோதே ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நின்று முடிவெடுத்தார்கள்.

இந்தப் படம் வெளிவந்தபோது தோற்றது. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்து, சனம் முழுக்க அன்பான வேற்றுக்கிரகவாசியோடு அழுதுகொண்டிருந்தது. விமர்சகர்கள் 'த திங்' அருவருப்பு என்று திட்டினார்கள். பொம்மைகள் கூடிப்போச்சு, மனிதர்கள் குறைஞ்சுபோச்சு என்பதுதான் அன்றைய முறைப்பாடு. இன்றைக்கு நாங்கள் கிராபிக்ஸுக்குச் சொல்கிற அதே முறைப்பாடு! வீடியோக் கசெற் காலத்தில்தான் படம் மெல்ல மெல்ல மேலே வந்தது.

இடையில் வந்த டைனோசர்

1993இல் 'ஜுராசிக் பார்க்' வந்ததோடு எல்லாம் மாறியது என்பார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற அந்தப் படத்தில் டைனோசர்கள் வருவது மொத்தம் சுமார் 15 நிமிடம். அதில் கணினியில் செய்தவை 6 நிமிடம் அளவில்தான். மிச்சம் ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்த இயந்திரப் பொம்மைகள். மழைக் காட்சியில் பெரிய டைனோசரின் தோல் தண்ணீரை உறிஞ்சிப் பாரம் கூடி நடுங்கத் தொடங்க, ஆட்கள் அதைத் துடைத்துத் துடைத்து உலர்த்தினார்கள்.

இந்த ஸ்டான் வின்ஸ்டன் யார் தெரியுமா? 1982இல் வேலைப்பழுவால் பொட்டின் திணறியபோது, 'த திங்' படத்தின் நாய்க்கூட்டுக் காட்சியைச் செய்து கொடுத்தவர். ஆக, கணினி யுகத்தின் தொடக்கம் என்று சொல்கிற படத்திலும் பழைய குருகுலத்தின் கை இருந்தது.

அடுத்த பதினைந்து வருடத்தில் அந்தக் கலவை குலைந்தது. 2007இல் வந்த 'ஐ ஆம் லெஜண்ட்' ஓர் உதாரணம். நோய் தொற்றியவர்களை ஒப்பனை போட்ட நடிகர்களாகத்தான் முதலில் எடுக்கத் தொடங்கினார்கள். படப்பிடிப்பு ஒரு கிழமை அளவில் போனபின், கணினியில் செய்வோம் என்று மாற்றிவிட்டார்கள். வெற்று நகரத்தில் நாயோடு தனியே திரிகிற வில் ஸ்மித்தின் முதல் பாதி மனதில் நிற்கிறது. அந்த உருவங்கள் வந்தபின் பயம் குறைகிறது என்பதுதான் எங்கள் அனுபவம்.

2011: மூடப்பட்ட பொம்மைகள்

2011இல் மத்தைஸ் வான் ஹைனிங்கன் இயக்கிய 'த திங்', 1982 படத்துக்கு முந்திய நாட்களில் நோர்வேக்காரரின் முகாமில் என்ன நடந்தது என்று சொல்கிறது. அசுரனைச் செய்யும் வேலை அலெக் கில்லிஸ், டொம் வூட்ரஃப் இருவரின் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் ஸ்டான் வின்ஸ்டனிடம் வேலை பார்த்தவர்கள். மாதக்கணக்காகப் பொம்மைகளைச் செய்தார்கள். நடிகர்கள் அந்தப் பொம்மைகளுக்கு முன்னால் நின்று நடித்தார்கள்.

பிறகு, படப்பிடிப்பு முடிந்தபின், அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் கணினி உருவங்களைப் போட்டு மூடினார்கள். படம் வெளிவந்து தோற்றது. கிட்டத்தட்ட 38 மில்லியன் டொலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுக்கச் சேர்த்தும் அந்தத் தொகையை எட்டவில்லை. பிறகு கில்லிஸும் வூட்ரஃப்பும் தாங்கள் செய்த பொம்மைகளின் பரீட்சார்த்தக் காட்சிகளை யூரியூப்பில் போட்டார்கள். பார்த்த இரசிகர்கள் கொதித்துப்போனார்கள். "கிராபிக்ஸ் கெடுத்த படம்" என்ற வசனத்துக்கு இந்தப் படம் நிரந்தர உதாரணமாகிவிட்டது.

ஆனால் நாங்கள் அதோடு நிறுத்தப் போவதில்லை. இந்தப் படத்திலும் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அந்த உயிரால் உலோகத்தைப் பிரதிபண்ண ஏலாது. ஆகவே வாய்க்குள் டோர்ச் அடித்து, அடைத்த பல் இருக்கா என்று பார்க்கிறார் நாயகி கேட். அடைத்த பல் இல்லாதவர் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர். படத்தில் உண்மையிலேயே பதற்றம் வருகிற இடம் அதுதான். அங்கே ஒரு கிராபிக்ஸும் இல்லை. அசுரன் வருகிற இடங்களிலோ பெரும்பாலும் துரத்தலும் ஓட்டமும்தான். 1982இல் தலை ஓடியபோது கதையும் சேர்ந்து ஓடியது. இங்கே அசுரன் ஓடும்போது கதை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது.

கணினி இங்கே செய்த கெடுதல் என்ன? எங்கள் பார்வையில், அது முடிவெடுப்பதைப் பிற்போட விட்டது. பொம்மை என்றால் படப்பிடிப்பு நாளுக்கு முன்பே எல்லாம் தீர்மானமாக வேண்டும். அது எங்கே நிற்கும், எந்த வெளிச்சம், எந்தப் பக்கம் காட்டக்கூடாது என்பதெல்லாம் எழுத்தாளரும் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து முன்கூட்டியே யோசிக்க வேண்டியவை. கணினி இருந்தால், "இப்ப எடுத்து வைப்பம், பிறகு பார்த்துக்கொள்ளுவம்." அந்தப் 'பிறகு' வருகிறபோது இயக்குநருக்குப் பக்கத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் பயமும் வந்து உட்கார்ந்துவிடும்.

கைவேலை மட்டும் காப்பாற்றுமா?

கதை இன்னும் முடியவில்லை. கில்லிஸ் இந்த அனுபவத்துக்குப் பிறகு, முழுக்கக் கைவேலையால் ஓர் அசுரப் படம் எடுக்கப் போகிறோம், காசு தாருங்கோ என்று 2013இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரசிகர்களைக் கேட்டார். மூன்றரை இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2015இல் 'ஹார்பிஞ்சர் டவுன்' வந்தது. பொம்மைகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. ஆனால் பாத்திரங்களில் ஒருவரின் பெயரும் நினைவில் நிற்கவில்லை. விமர்சகர்களும் பெரிதாகப் பாராட்டவில்லை. கைவேலைதான் பயத்தின் இரகசியம் என்றால் இந்தப் படம் வென்றிருக்க வேண்டும்.

மறுபக்கம் ஸ்பீல்பெர்க்கின் 'ஜோஸ்' (1975). அதில் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் பழுதாகிப் பழுதாகி, 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாளுக்கு இழுபட்டது. சுறா வேலைசெய்யாததால் மிதக்கிற மஞ்சள் பீப்பாக்களையும் இசையையும் வைத்துக் கதை சொன்னார்கள். அந்தப் படத்தைக் காப்பாற்றியது நன்றாக வேலைசெய்த பொம்மை இல்லை. பழுதான பொம்மை!

யாருடைய கைகள்?

"கிராபிக்ஸ் கெடுத்தது" என்று சொல்லும்போது நாங்கள் யாரைத் திட்டுகிறோம் என்றும் யோசிக்க வேண்டும். கணினியிலும் வேலை செய்வது மனிதக் கைகள்தான். 2013 பெப்ரவரியில் 'லைஃப் ஒஃப் பை' படத்தின் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கூட அதற்குக் கலையகங்கள் இருந்தன. அதே மாதம் அந்தப் படத்துக்குச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் கிடைத்தது. விழா மண்டபத்துக்கு வெளியே காட்சி விளைவுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மேடையில் விருதை வாங்கியவர் தங்கள் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்க, பேச்சை நிறுத்தச் சொல்லி இசை போட்டார்கள். என்ன இசை தெரியுமா? 'ஜோஸ்' படத்தின் சுறா இசை.

இந்த நிறுவனங்கள் கேள்விமனுவில் ஒரு விலை சொல்லி வேலை எடுக்கின்றன. பிறகு இயக்குநரோ தயாரிப்பாளரோ மனம் மாறிப் பத்துத் தடவை திருத்தச் சொன்னாலும், அந்தச் செலவின் பெரும்பகுதி இவர்கள் தலையில்தான் விழும். 'பிறகு பார்த்துக்கொள்ளுவம்' என்பதன் விலையைக் கட்டுவது, படப்பிடிப்புத் தளத்தையே கண்டிராத ஒரு பெடியனோ பெட்டையோ இரவிரவாக விழித்திருந்து.

கைவேலைக் காலம் பொற்காலம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ரொப் பொட்டின் ஒரு வருடத்துக்கு மேல், கிழமையில் ஏழு நாளும் வேலை செய்தார். படம் முடிந்ததும் களைப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் வயதுப் பெடியன் ஒருவனை அந்த நிலைக்குக் கொண்டுபோன அதே தொழில்தான், பிறகு கணினிக்காரரையும் கொண்டுபோனது. கருவி மாறியது, சுரண்டுகிற முறை பெரிதாக மாறவில்லை.

ஒரே மேசையில்

நன்றாகச் செய்த உதாரணங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். ஜப்பானின் 'ரிங்' (1998) படத்தில் சடாகோ நடந்து வருகிற அந்தச் சொல்லமுடியாத நடைக்கு, நடிகையைப் பின்புறமாக நடக்கவிட்டுப் படத்தைத் தலைகீழாக ஓட்டினார்கள். மெலியஸ் காலத்துப் புத்திதான். 2020இல் லீ வனெல் எடுத்த 'த இன்விசிபிள் மான்' படத்தில், பச்சை உடை போட்ட ஆளைக் கணினியில் அழித்தார்கள். அங்கே கணினியின் வேலை ஒன்றைக் காட்டுவதில்லை, இல்லாமல் ஆக்குவது. வெறும் கதிரையைப் பார்த்தே பயப்பட வைக்கிறது அந்தப் படம். லூட்டன் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். 2023இல் வந்த 'கொட்ஸில்லா மைனஸ் வன்' படத்தின் இயக்குநர் தகாஷி யமசாகிதான் அதன் காட்சி விளைவுகளுக்கும் பொறுப்பு. சுமார் 35 பேர், 610 காட்சித் துண்டுகள், கடைசியில் ஒஸ்கார். கதை சொல்பவரும் அசுரனைச் செய்பவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். 1982இல் கார்பென்டரும் பொட்டினும் கண்டியும் இருந்த மாதிரி.

ஆகவே அடுத்த முறை யாராவது "எல்லாம் கிராபிக்ஸ்" என்றால், ஒரு கேள்வி கேளுங்கோ: அந்த அசுரன் வந்து போனபின் கதையில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றால், றப்பரில் செய்திருந்தாலும் அந்தப் படம் தப்பியிராது.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கு. 2011 படத்தின் முடிவில் ஒரு ஹெலிகொப்டர் பனியில் ஓடுகிற நாயைத் துரத்திச் செல்லும். 1982 படம் தொடங்குவதே அந்தத் துரத்தலில்தான். இரண்டையும் அந்த வரிசையில், ஒரே இரவில் பாருங்கோ. நாய் அமெரிக்க முகாமுக்குள் நுழைந்து, ஒருவரையும் கடிக்காமல், குரைக்காமல், ஒவ்வொரு அறையாகச் சும்மா நடந்து திரியும். பொம்மையும் இல்லை, கணினியும் இல்லை. பழக்கப்பட்ட ஒரு நாய், அதுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரிஞ்ச நாங்கள். அந்த ஒரு நடையே போதும்.